பிகாசா கணக்கை முடித்த கதை

ஒரு சேமிப்புக் கணக்கை எப்படி முடிப்பது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மிச்சமிருக்கும் செக் தாள்களைத் திரும்ப வாங்கணும். பாஸ்புக், ஏடிஎம் கார்டு வாங்கணும். மாசா மாசம் எங்கேயாவது பணம் போகும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் இருந்தால் அதை ரத்து செய்யணும். லாக்கர் வாடகைக்கு இந்தக் கணக்கைக் கொடுத்திருக்கிறாரா, கடனுக்கு ஈடாக வைத்திருக்கிறாரா, ஜாயிண்ட் அக்கவுண்ட்டா என்று பார்க்கணும். எல்லாம் சரியாக இருந்தால் வட்டியைப் போட்டு, பைசா வரைக்கும் கொடுத்து, பேலன்ஸை சைபராக்கி, அப்புறம்தான் கணக்கை மூடணும். இருபது வருஷமாக இதே பொழப்பு.

அப்படிப்பட்ட நான் 2016-ல் வீட்டுக் கணினியில் ஒரு மென்பொருளின் கணக்கை முடித்தேன். ஒரு தூசு தும்பு மிச்சமில்லாமல் முழுசாக முடித்தேன். இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, வாடிக்கையாளரின் பணத்தையும் சேர்த்துக் குப்பையில் போட்டிருக்கிறேன் என்று. அந்த வாடிக்கையாளர் வேறு யாருமில்லை, என் அம்மா.

சொந்தக் கதை சோகக் கதைக்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன். ஒரு மென்பொருளை "முழுசாக நீக்குவது" என்பது ஏன் எப்போதுமே இவ்வளவு இழுபறியாக இருந்திருக்கிறது என்று அந்தச் சூட்டில் தேடிப் படித்தேன். பி.காம். படித்தவனுக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பிழையிருந்தால் கணினித் துறை நண்பர்கள் பொறுத்தருளவும்.

ஃபோல்டரை அழித்தால் போதும் என்றிருந்த காலம்

டாஸ் காலத்தில் மென்பொருளை நீக்குவது சுலபம். பெரும்பாலும் ஒரு ப்ரோக்ராம் என்றால் ஒரு டைரக்டரி. அதை அழித்தால் கதை முடிந்தது. வாடகைக்கு இருந்தவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிற மாதிரி.

போட்டோ விஷயத்தில் அப்போது அழிப்பதற்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. 1987-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நோல், மேக்கின்டோஷ் ப்ளஸ் கணினியின் கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டுவதற்காக "டிஸ்ப்ளே" என்று ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதினார். அவருடைய தம்பி ஜான் நோல், சினிமா தந்திரக் காட்சிகள் செய்யும் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்கில் வேலை பார்த்தவர். அவர் இதைப் பார்த்துவிட்டு "இதைப் பெருசாப் பண்ணலாமே" என்று விடாமல் பிடித்துக்கொண்டார். முதலில் பார்னிஸ்கேன் என்ற ஸ்கேனரோடு சேர்த்து சுமார் 200 பிரதிகள் போயின. 1988-ல் அடோபியோடு ஒப்பந்தம். 1990 பிப்ரவரியில் போட்டோஷாப் 1.0, மேக்குக்கு மட்டும். அந்த முதல் பதிப்பின் மூல நிரலை 2013-ல் அமெரிக்காவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது. 179 கோப்புகள், சுமார் 1,28,000 வரிகள். இன்றைக்கு ஒரு போட்டோ அளவுக்குக்கூடத் தேறாது.

பிறகு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 2.5 பதிப்பு விண்டோஸுக்கும் வந்தது. போட்டோஷாப் திறக்கும்போது வரும் பெயர்ப் பட்டியலில் "சீதாராமன் நாராயணன்" என்ற பெயரைப் பார்த்து "அட, நம்மாளு!" என்று துள்ளிக் குதிக்காத தமிழன் உண்டா? உலகம் முழுக்க அந்தப் பெயருக்கு ரசிகர் கூட்டமே இருந்தது. நான் கும்பகோணத்தில் கல்லூரியில் படித்தபோது, தெரு முக்கு ஸ்டூடியோவில் அந்தத் திரைக்காகவே போய் நின்றிருக்கிறேன். அந்த ஸ்டூடியோக்காரர் கல்யாணத்துக்கு வர முடியாமல் துபாயில் மாட்டிக்கொண்ட மாமாவைக் குடும்பப் படத்தில் கொண்டுவந்து நிறுத்துவதில் கில்லாடி. மாமாவின் நிழல் மட்டும் எதிர்ப்பக்கம் விழும். யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள் :-)

விண்டோஸ் வந்ததும் சிக்கலும் வந்தது. 1992-ல் வந்த விண்டோஸ் 3.1-ல், ப்ரோக்ராம்கள் தங்கள் சொந்த ஃபோல்டரோடு நிற்கவில்லை. விண்டோஸின் பொது ஃபோல்டரில் டிஎல்எல் என்ற பொதுக் கோப்புகளைக் கொண்டுவந்து போட்டன. வின்.ஐஎன்ஐ, சிஸ்டம்.ஐஎன்ஐ என்ற பொதுக் குறிப்பேடுகளில் ஆளாளுக்கு நாலு வரி எழுதின. யார் எதை எழுதினார்கள் என்பதற்குக் கையெழுத்து கிடையாது. கூட்டுக் குடும்பத்துச் சமையலறை மாதிரி. ஒருத்தர் தனிக்குடித்தனம் போகும்போது எந்தப் பாத்திரம் யாருடையது என்று சொல்லத் தெரியாது. எல்லாவற்றையும் எடுத்தாலும் சண்டை, விட்டாலும் அடைசல்.

விண்டோஸ் 95 போட்ட பேரேடு

1995 ஆகஸ்ட் 24-ல் வந்த விண்டோஸ் 95 இதற்கு ஒரு கணக்குப்பிள்ளை வழி கண்டுபிடித்தது. சிதறிக்கிடந்த குறிப்புகளை ரெஜிஸ்ட்ரி என்ற ஒரே பேரேட்டில் எழுதச் சொன்னது. கண்ட்ரோல் பேனலில் "ஆட்/ரிமூவ் ப்ரோக்ராம்ஸ்" வந்தது. பெட்டியில் விண்டோஸ் 95 முத்திரை குத்திக்கொள்ள வேண்டுமென்றால் உன் மென்பொருளை நீக்கும் வழியையும் நீயே தரவேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் நிபந்தனை போட்டது. வரும்போதே போகும் வழியையும் எழுதிக்கொடு என்பது நல்ல விதிதான்.

இது வேலை செய்யும் விதம் எங்கள் தொழில்காரர்களுக்கு உடனே புரியும். மென்பொருளை நிறுவும்போதே, எந்தக் கோப்பு எங்கே வைக்கப்பட்டது, ரெஜிஸ்ட்ரியில் என்ன எழுதப்பட்டது என்று இன்ஸ்டாலர் ஒரு பதிவேடு எழுதிக்கொள்ளும். நீக்கும்போது அந்தப் பதிவேட்டைக் கடைசி வரியிலிருந்து பின்னோக்கிப் படித்து ஒவ்வொன்றாக அழிக்கும். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு எதிர் வரவு.

பொதுக் கோப்புகளுக்கு ஜாயிண்ட் அக்கவுண்ட் முறை. ஒரு டிஎல்எல்லை இத்தனை ப்ரோக்ராம்கள் பயன்படுத்துகின்றன என்று ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண். புது ஆள் வந்தால் ஒன்று கூட்டு, ஒருத்தர் போனால் ஒன்று கழி. சைபரானால்? அப்போது ஒரு பெட்டி வரும், பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்: "இந்தப் பொதுக் கோப்பை இனி யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை, அழிக்கலாமா?" ஆமா, இல்லை, எல்லாவற்றுக்கும் ஆமா, எல்லாவற்றுக்கும் இல்லை. எனக்கென்னய்யா தெரியும்? கணினிக்கே தெரியாததை, அந்த வீட்டிலேயே விவரம் குறைந்த ஆளைப் பார்த்துக் கேட்கும். நாமும் குருட்டாம்போக்கில் ஒன்றைத் தட்டுவோம்.

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

பேரேட்டு முறையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. நிறுவும் அன்றைக்கு வைத்த கோப்புகள்தான் பதிவேட்டில் இருக்கும். அதற்குப் பிறகு அந்த மென்பொருள் தினமும் ஓடும்போது எழுதுகிறதே, நம் விருப்ப அமைப்புகள், சின்னச் சின்ன மாதிரிப் படங்கள், படங்களின் பட்டியல், அதெல்லாம் பதிவேட்டில் ஏறாது. ஆகவே அன்இன்ஸ்டாலர் அவற்றைத் தொடாமல் விட்டுவிடும். "நீக்கிட்டேன், ஆனா இன்னும் ஃபோல்டர் இருக்கே" என்று நாம் புலம்புவது இதனால்தான். அது எப்போதும் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. பின்னால் எழுதப்பட்டது நம்முடையதாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு.

மிச்சத்தையும் துடைத்து எடுக்கிறோம் என்று துப்புரவு மென்பொருட்கள் கிளம்பின. மைக்ரோசாஃப்டே "விண்டோஸ் இன்ஸ்டாலர் க்ளீன்அப்" என்று ஒன்று கொடுத்தது. அது மற்ற மென்பொருட்களின் பாகங்களையும் கெடுத்துவிடக்கூடும் என்று 2010-ல் அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பேரேடு எழுதியவனுக்கே எது யாருடையது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கம்பெனிக்காக மிஞ்சியது

போட்டோஷாப் பக்கம் கதை வேறு மாதிரிப் போனது. 2003-ல் போட்டோஷாப் சிஎஸ் வந்தபோது விண்டோஸ் பதிப்பில் "ஆக்டிவேஷன்" புகுந்தது. வாங்கினால் மட்டும் போதாது, இந்தக் கணினியில்தான் ஓடுகிறது என்று கம்பெனியிடம் பதிவு செய்யணும். அதற்கு ஆதாரமான சீட்டை எங்கே வைப்பது? சாதாரண ஃபோல்டரில் வைத்தால் நம்மாட்கள் அழித்துவிடுவார்களே! ஆகவே அந்தக் காலத்து ஆக்டிவேஷன் முறை, ஹார்ட் டிஸ்க்கின் முதல் ட்ராக்கில், எந்தப் பார்ட்டிஷனுக்கும் சேராத இடத்தில் கொஞ்சம் தகவலை எழுதி வைத்தது. மென்பொருளை நீக்கினாலும் அது அங்கேயே இருக்கும். சி டிரைவை ஃபார்மேட் செய்தாலும் இருக்கும், ஏனென்றால் அந்த இடம் சி டிரைவுக்கு வெளியே இருக்கிறது. லினக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு இது பெரிய தலைவலி. அதன் பூட்லோடரும் அதே ட்ராக்கில் குடியிருப்பதால் ஒருவரை ஒருவர் அழித்துக்கொண்டார்கள். கடைசியில் க்ரப் பூட்லோடரே அப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடித்து ஒதுங்கிப்போகக் கற்றுக்கொண்டது.

முழுசாக நீக்குவதற்கென்று அடோபி தனியாக ஒரு க்ளீனர் கருவியே வெளியிட வேண்டியிருந்தது. 2013-ல் க்ரியேட்டிவ் க்ளவுட் மாதச் சந்தா முறைக்கு மாறிய பிறகும் அந்தக் கருவி தொடர்ந்தது.

இங்கே மிஞ்சியது கம்பெனியின் நலனுக்காக மிஞ்சியது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான், மென்பொருள் விட்டுச்செல்வது எல்லாமே குப்பை, துடைத்தால்தான் சுத்தம் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போனது என்று நினைக்கிறேன். எனக்கு ஊறியிருந்தது.

நமக்காக மிஞ்சியது

இப்போது பிகாசா. பாதிப் பேருக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே ஒரு பெருமூச்சு வரும்.

கலிஃபோர்னியாவில் பாசடேனாவில், ஐடியாலேப் என்ற நிறுவனத்தின் நிழலில் வளர்ந்த லைஃப்ஸ்கேப் என்ற சின்னக் கம்பெனியின் பிள்ளை அது. 2002-ல் வெளிவந்தது. ஓவியர் பிகாசோவையும் ஸ்பானிஷ் மொழியில் "என் வீடு" என்ற பொருள்படும் "மி காசா"வையும் கலந்து வைத்த பெயர். 2004 ஜூலையில் கூகுள் வாங்கி இலவசமாக்கியது. 2005 ஜனவரியில் பிகாசா 2. "ஐ யாம் ஃபீலிங் லக்கி" பொத்தானைத் தட்டினால் வெளுத்த படம் பளிச்சென்று ஆகும். கண்ணில் விழுந்த சிவப்புப் புள்ளியை எடுக்கலாம், கோணலை நிமிர்த்தலாம், வெட்டலாம். போட்டோஷாப்பைப் பார்த்து மிரண்ட எங்களைப் போன்ற ஆட்களுக்கு அது தெய்வம்.

பிகாசாவின் உண்மையான புத்திசாலித்தனம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. நீங்கள் படத்தை எவ்வளவு திருத்தினாலும் அது மூலப் படத்தைத் தொடாது. "இந்தப் படத்தை இந்த அளவுக்கு வெட்டு, வெளிச்சம் கூட்டு" என்று கட்டளைகளை மட்டும் அதே ஃபோல்டரில் பிகாசா.ஐஎன்ஐ என்ற மறைந்த கோப்பில் எழுதி வைக்கும். பிகாசாவில் திறந்தால் திருத்திய படம், வெளியே திறந்தால் பழைய படம். "சேவ்" தட்டினால்தான் திருத்தம் படத்துக்குள் இறங்கும். அப்போதும் மூலப் படத்தை இன்னொரு மறைந்த ஃபோல்டரில் பத்திரமாக எடுத்து வைக்கும்.

எங்கள் மொழியில் சொன்னால், வவுச்சர் தனி, லெட்ஜர் தனி. மூல வவுச்சரில் அடித்தல் திருத்தல் கூடாது. திருத்தமிருந்தால் தனியாக ஒரு ஜர்னல் பதிவு போடு. எந்த ஆடிட்டரும் கையெடுத்துக் கும்பிடுவார்.

2009 செப்டம்பரில் வந்த பிகாசா 3.5-ல் முகம் அடையாளம் காணும் வசதி சேர்ந்தது. எல்லாப் படங்களிலும் முகங்களைத் தேடி எடுத்து வரிசையாக வைத்து "இவர் யார்?" என்று கேட்கும். நாம் பெயர் அடித்தால் மற்ற படங்களிலும் அவரைத் தேடும். அந்தப் பெயர்களும் அதே ஐஎன்ஐ கோப்பிலும், பிகாசாவின் டேட்டாபேஸிலும் எழுதப்படும்.

அம்மா சொன்ன பெயர்கள்

2010 கோடையில் அம்மா நாக்பூருக்கு வந்திருந்தாள். நாக்பூர் வெயில் தெரியுமல்லவா, பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. மொழியும் தெரியாது. டிவியில் தமிழ்ச் சேனலும் வராத வீடு. ஊரிலிருந்து வரும்போது ஒரு துணிப்பையில் பழைய ஆல்பங்களைக் கொண்டு வந்திருந்தாள். ஆபீஸ் ஸ்கேனர் மாதிரி ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தேன். 1960களின் கல்யாண க்ரூப் போட்டோக்கள், காதுகுத்து, சஷ்டியப்த பூர்த்தி. மஞ்சளாகி வெளுத்திருந்தவற்றைப் பிகாசாவில் சரி செய்தேன்.

பிகாசா முகம் முகமாக எடுத்து வைத்து "யார்?" என்று கேட்டது. அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பதில் சொன்னாள்.

"இது ஆடுதுறை அத்தை. இவ பக்கத்துல நிக்கறது ரயில்வே மாமா. அவர் கல்யாணத்துக்கு லீவு கெடைக்காம, தாலி கட்டி முடிஞ்சப்பறம் வந்து சேர்ந்தார்."

"இந்தக் கொழந்தை யாரும்மா?"

"அதுவா... பட்டாளத்து சித்தப்பாவோட மூத்தது. தங்கலை. நாலு வயசுலயே போயிடுத்து. இந்த ஒரு போட்டோதான்டா இருக்கு அதுக்கு."

நான் இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக்கொண்டே போனேன். மூன்று வாரத்தில் நூற்றுச் சொச்சம் பெயர்கள். தங்கமணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்க சொந்தக்காரங்களை எண்ணி முடிக்கறதுக்குள்ள எனக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துடும்" என்று போனாள். (ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் வருவது எனக்கு. மூட்டை கட்டுவது அவள். நியாயமான கவலைதான்.)

நான் ஒரே ஒரு தடவைகூட "சேவ்" தட்டவில்லை. எதற்கு? பிகாசாவில்தான் எல்லாம் அழகாகத் தெரிகிறதே!

அம்மா 2014-ல் காலமானாள்.

நான் முடித்த கணக்கு

2015 மே மாதம் கூகுள் போட்டோஸ் வந்தது. 2016 பிப்ரவரியில் பிகாசாவை நிறுத்தப்போவதாக கூகுள் அறிவித்தது. மார்ச் 15-க்குப் பிறகு கணினி மென்பொருளுக்குப் புதுப்பிப்பு இல்லை. மே மாதம் வெப் ஆல்பமும் மூடல். ஏற்கெனவே நிறுவியிருந்தவர்களுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவசரப்பட ஒரு காரணமும் இல்லை.

எனக்குத்தான் கை அரிப்பு. புது லேப்டாப் வாங்கியிருந்தேன். பழைய கணினியைத் துடைத்து, படங்களை மட்டும் மாற்றிவிட்டு, செத்த மென்பொருளை முழுசாக எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அன்இன்ஸ்டால் செய்யும்போது பிகாசா நல்ல பிள்ளையாக ஒரு கேள்வி கேட்டது: டேட்டாபேஸையும் நீக்கவா? அதே பழைய கேள்வி. தெரியாத ஆளிடம் கேட்கப்படும் கேள்வி. "ஆமா" தட்டினேன்.

அதோடு விட்டேனா? மிச்சத்தை எப்படித் துடைப்பது என்று எங்கேயோ ஒரு குறிப்பு படித்திருந்தேன். கணினி முழுக்க பிகாசா.ஐஎன்ஐ என்று தேடு, வருவதையெல்லாம் அழி. தேடினேன். நூற்றுக்கணக்கில் வந்தது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாதபடி ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு டெலீட். படங்கள் ஒன்றுகூடக் குறையவில்லை. ஐந்தொகை டேலி. நிம்மதியாகத் தூங்கினேன்.

2018-ல் மகளுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையும் ப்ராஜெக்ட். "பாட்டி சொன்ன போட்டோ இருக்குமே, காட்டுப்பா" என்றாள். திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது, எல்லாப் படமும் பழையபடி மஞ்சளாக, கோணலாக, ஸ்கேனரின் கறுப்பு ஓரத்தோடு இருந்தது. திருத்தங்கள் போயிருந்தன. அது போகட்டும். "இவங்க யாரு?" என்று அவள் மூன்றாவது வரிசையில் ஒரு மூக்குத்திக்காரியைத் தொட்டபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. யார் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் சொல்லி, அதை நான் எழுதி, நானே அழித்திருக்கிறேன்.

ஒரே ஒரு படத்துக்கு மட்டும் அடியில் பெயர்கள் இருந்தன. அதற்கு ஏதோ நினைவில் முகத்தில் பெயர் போடாமல், அடிக்குறிப்பாக அடித்திருந்தேன். ஜேபெக் படத்தின் அடிக்குறிப்பைப் பிகாசா படத்துக்குள்ளேயே எழுதிவிடும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். எல்லாவற்றையும் அப்படி அடித்திருந்தால்...

கோயம்புத்தூர் டிவிடி

அக்காவுக்குப் போன் செய்து புலம்பினேன். அவளுக்கும் பாதிப் பேரைத் தெரியவில்லை. "நீ ஒரு டிவிடி அனுப்பினியேடா, அதுல இல்லையா?" என்றாள். 2012-ல் எங்கள் நிச்சயதார்த்தப் படங்களோடு பழைய படங்களையும் சேர்த்து கோயம்புத்தூருக்கு ஒன்று அனுப்பியிருந்தேன். படங்களைத் தனித்தனியாகப் பொறுக்க சோம்பல்பட்டு, ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டு எழுதியது. சோம்பேறித்தனத்துக்கும் ஒரு நல்ல நேரம் வரும்.

அக்கா கூரியரில் அனுப்பினாள். கீறல் விழுந்த தட்டு. மறைந்த கோப்புகளைக் காட்டு என்று கணினியிடம் சொன்னதும், ஒவ்வொரு ஃபோல்டரிலும் மங்கலாக ஒரு பிகாசா.ஐஎன்ஐ. நோட்பேடில் திறந்தேன். மேலே காண்டாக்ட்ஸ் என்று ஒரு பகுதி. ஒவ்வொரு வரியிலும் ஒரு நீள அடையாள எண், அதன் பக்கத்தில் பெயர். ஆடுதுறை அத்தை. ரயில்வே மாமா. பட்டாளத்து சித்தப்பா மூத்தது. அம்மா சொன்ன வரிசையிலேயே இல்லை. ஆனால் அம்மா சொன்ன பெயர்கள்.

அதற்குக் கீழே ஒவ்வொரு படத்துக்கும், எந்த எண்ணுக்குரிய முகம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு. ரெக்ட்64 என்று எழுதி அடைப்புக்குள் பதினாறு இலக்கம். அதை நாலு நாலாகப் பிரித்தால் முகத்தைச் சுற்றிய கட்டத்தின் இடது, மேல், வலது, கீழ் எல்லைகள். எல்லாம் பதினாறின் அடிமானத்தில். சாதாரண எண்ணாக்கி 65,536-ஆல் வகுத்தால் படத்தில் எத்தனை சதவீதத்தில் இருக்கிறது என்று வரும். உதாரணத்துக்கு 3333 4000 5000 6666 என்றால், இடமிருந்து 20 சதவீதத்தில் தொடங்கி சுமார் 31-ல் முடியும், மேலிருந்து 25-ல் தொடங்கி 40-ல் முடியும். அந்தக் கட்டத்துக்குள் இருப்பவர்தான் அவர். (பதினாறு இலக்கம் இல்லாமல் குறைவாக இருந்தால் முன்னால் சைபர் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.)

எக்செல் நமக்குக் கைவந்த கலைதானே. இரண்டு ஞாயிற்றுக்கிழமை. மகள் படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளந்தாள், நான் சதவீதம் சொன்னேன். மூக்குத்திக்காரி திருவிடைமருதூர் பெரியம்மா. டிவிடியில் இரண்டு ஃபோல்டர் படிக்கவே இல்லை. அதிலிருந்த முப்பது பேர் சொச்சம் போனது போனதுதான். அவர்கள் இன்றைக்கும் எங்கள் குடும்பத்தின் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்.

முடிப்பதற்கு முன்

இன்னும் பல வீடுகளில் பழைய கணினியில் பிகாசா ஓடிக்கொண்டிருக்கும். எடுக்க நினைப்பவர்கள் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் ஃபோல்டர்களை அப்படியே, மறைந்த கோப்புகளோடு, வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள்.
2. திருத்திய படங்களை எல்லாம் "சேவ்" செய்யுங்கள், அல்லது எக்ஸ்போர்ட் செய்து தனி ஃபோல்டரில் வையுங்கள்.
3. பிகாசா 3.9 என்றால் டூல்ஸ் பட்டியலில் எக்ஸ்பெரிமெண்டல் பகுதியில், முகப் பெயர்களைப் படத்துக்குள்ளேயே எக்ஸ்எம்பி தகவலாக எழுதும் வசதி இருக்கிறது. அதைச் செய்யுங்கள்.
4. பிறகு கண்ட்ரோல் பேனலில் நீக்குங்கள். டேட்டாபேஸ் கேள்விக்கு "இல்லை" சொல்லுங்கள். லோக்கல் ஆப் டேட்டாவில் கூகுள் ஃபோல்டருக்குள் பிகாசா2 என்று இருப்பதையும் நகல் எடுத்துவிட்டு, ஆறு மாசம் கழித்து வேண்டுமானால் அழியுங்கள்.
5. பிகாசா.ஐஎன்ஐ கோப்புகள் சில கேபிதான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். என்ன வாடகையா கேட்கிறது?

இப்போது நம் படங்கள் பெரும்பாலும் ஃபோனிலும் கூகுள் போட்டோஸிலும் இருக்கின்றன. அன்இன்ஸ்டால் என்பது விரலால் ஒரு அழுத்து. ஆனால் டேக்அவுட் மூலம் படங்களை இறக்கிப் பாருங்கள், படங்களோடு ஜேசன் என்று ஒரு கோப்பும் சேர்ந்து வரும். தேதி, குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். பிகாசா.ஐஎன்ஐயின் பேரப்பிள்ளை. அதையும் குப்பை என்று அழித்துவிடாதீர்கள்.

எங்கள் தாத்தா கம்ப்யூட்டர் பார்த்ததில்லை. அவர் காலத்து க்ரூப் போட்டோ ஒன்று அந்தத் துணிப்பையில் இருந்தது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரைக்குக் கீழே பென்சிலில், இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாகப் பெயர்கள். ஸ்கேன் செய்தபோது நான் முன்பக்கத்தை மட்டும்தான் ஸ்கேன் செய்திருந்தேன்.

இப்போது பின்பக்கத்தையும் செய்துவிட்டேன். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அந்த முகங்களைவிட அந்தப் பெயர்கள்தான் முதலில் தொலையும். இந்த வாரம் ஊருக்குப் போன் செய்யும்போது, ஒரே ஒரு பழைய படத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். கேட்டதைப் படத்துக்கு அடியிலேயே அடித்து வையுங்கள். மறக்காமல் சேவ் தட்டுங்கள்.